விலையைச் சொன்னால் வாடிக்கையாளர் ஓடிவிடுவாரா?

சிறு தொழில்காரர்கள் பிளாக் எழுதுவது பற்றி ஊரில் உலவும் தப்புக் கணக்குகள்

“மாதம் பதினைந்து கட்டுரை, நூறு கீவேர்டு, ஆறே வாரத்தில் கூகுளில் முதல் பக்கம். கியாரண்டி சார்!” சொந்தமாக வெப்சைட் வைத்திருக்கும் சிறு தொழில்காரர் யாருடைய போனைத் திறந்தாலும் இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி இருக்கும். கோவையில் பம்ப்செட் செய்பவர், திருச்செங்கோட்டில் லாரிக்கு பாடி கட்டுபவர், சிவகாசியில் டைரி அச்சடிப்பவர் என எல்லோருக்கும் ஒரே செய்திதான். பெயர் மட்டும் மாறும். சிலர் மசிந்து பணம் கட்டுகிறார்கள். கட்டுரைகளும் சொன்னபடி வந்து இறங்குகின்றன. ‘இன்றைய நவீன உலகில் பம்ப்செட்டின் பங்கு அளப்பரியது’ என்று தொடங்கும் அதை விவசாயி படிப்பதில்லை, முதலாளி படிப்பதில்லை, எழுதிக் கொடுத்த பையனே இரண்டாம் முறை படித்திருக்க மாட்டான். ஆறு மாதம் போனதும், “பிளாக்கெல்லாம் நம்ம தொழிலுக்கு ஒத்துவராதுங்க” என்று தீர்ப்பு வந்துவிடும்.

கியாரண்டி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். எஸ்இஓ, அதாவது தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலைக்கு, ஆள் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்களுக்காக கூகுளே ஒரு வழிகாட்டிப் பக்கம் வைத்திருக்கிறது. முதலிடத்தை எவராலும் உத்தரவாதமாகத் தர முடியாது என்று அதில் பளிச்சென்று எழுதியிருக்கிறது. செய்த வேலைக்குப் பலன் தெரியப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்றும் சொல்லியிருக்கிறது. ஆறு வாரக்காரர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் யாருக்கும் ஃபார்வர்டு செய்வதில்லை.

இப்படிப் பழைய சங்கதிகள் இன்னும் சில சந்தையில் ஓடுகின்றன. பக்கத்தின் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் கீவேர்டு பட்டியலைச் செருகி வைத்தால் தேடலில் மேலே வரலாம் என்பது ஒன்று. அந்தப் பட்டியலைத் தரவரிசைக்குத் தாங்கள் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. ஆயிரத்து ஐந்நூறு வார்த்தை இருந்தால்தான் எடுபடும் என்பது இன்னொன்று. தனக்குப் பிடித்த வார்த்தைக் கணக்கு என்று எதுவும் கிடையாது என அதே நிறுவனம் எழுதி வைத்திருக்கிறது. தினமும் ஏதாவது போட்டுக்கொண்டே இருந்தால் தளம் ‘புதுசாக’ இருக்கும், கூகுளுக்குப் பிடிக்கும் என்கிறார்களே, அதற்கும் அங்கே பதில் ‘இல்லை’தான். பதினைந்து கட்டுரை பேக்கேஜ் நிற்பதோ இந்த மூன்றின் மேல்தான்.

ஆனால் இவையெல்லாம் கிளைகள். பிளாக் என்பது இன்னொரு வகை நோட்டீஸ் என்று நினைப்பதுதான் வேர். நோட்டீஸில் நம் பெருமையை நாம் பேசுகிறோம். 1975 முதல் நம்பிக்கையின் மறுபெயர், தரமே தாரக மந்திரம், அன்புடன் அழைக்கிறோம். தெருவில் போகிறவர் கையில் திணிக்கிற காகிதத்துக்கு அது போதும். இணையத்தில் தேடி வருகிறவர் அப்படி இல்லை. அவரிடம் ஏற்கெனவே ஒரு கேள்வி இருக்கிறது. கேள்விக்குப் பின்னால் ஏமாந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கிறது. அவரிடம் தாரக மந்திரம் சொல்லி என்ன பயன்?

கல்லாவில் ஏற்கெனவே இருக்கும் கட்டுரை

“எழுதுவதற்கு எங்களிடம் என்ன இருக்கிறது?” என்பார்கள். கோவையில் ஒரு கிரைண்டர் கடையில் சனிக்கிழமை மாலை போய் நின்று பாருங்கள். புவிசார் குறியீடு வாங்கிய பொருள். ஊர்ப் பெயரே பாதி விளம்பரம். ஆனாலும் வருகிறவர் எவரும் ஊர்ப் பெருமையைக் கேட்பதில்லை. நாலு பேருக்கு ரெண்டு லிட்டர் போதுமா? டேபிள் டாப் எடுக்கலாமா, டில்டிங் எடுக்கலாமா? கல் தேய்ந்தால் கொத்திக் கொடுப்பீர்களா, மாற்ற வேண்டுமா? புதுக் கிரைண்டரில் முதல் தடவை அரைத்த மாவு ஏன் நறநறவென்று இருக்கிறது? மிக்ஸியில் அரைத்த உளுந்து ஏன் கிரைண்டர் மாதிரி பொங்கி வருவதில்லை?

பிறகு ஒரு அம்மா வருவார். “பையன் டெக்சாஸ்ல இருக்கானுங்க. இதை அங்க கொண்டுபோனா ஓடுமா?”

கடைக்காரர் தலை நிமிராமலே சொல்வார்: “இந்த மாடல் வேண்டாங்மா. அங்க கரன்ட் 110 வோல்ட்டு. டிரான்ஸ்பார்மர் வெச்சு வோல்ட்டை ஏத்திக்கலாம், ஆனா ஹெர்ட்ஸ் மாறாதுங். நம்மூர்ல அம்பது, அங்க அறுவது. மோட்டார் வேகமாச் சுத்தும், மாவு சூடாயிடும், மோட்டாரும் சீக்கிரம் போயிரும். 110 வோல்ட்லயே தனி மாடல் இருக்கு, அதை எடுத்துக்கங்.”

அரை நிமிடத்தில் அவர் சொல்லி முடித்த பதில் ஒரு முழுக் கட்டுரை. டிரான்ஸ்பார்மர் மின்னழுத்தத்தை மாற்றும், அலைவெண்ணை மாற்றாது. கிரைண்டரில் உள்ள இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகம் அலைவெண்ணைப் பொறுத்தது. ஆகவே ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடும். டல்லஸிலும் நியூஜெர்சியிலும் கிரைண்டர் வாங்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது கட்டாயம் வேண்டிய சேதி. இவர் அதை ஆண்டு முழுக்க வாயால் சொல்கிறார். எழுத்தில் ஒரே ஒரு முறை சொன்னால் போதும் என்பது அவருக்குத் தோன்றுவதே இல்லை. வெப்சைட்டுக்கு என்று உட்கார்ந்தால் மட்டும், கிரைண்டரின் வரலாறு, கிரைண்டரின் பத்துப் பயன்கள் என்று பள்ளிக்கூடக் கட்டுரைக்குப் போய்விடுகிறார்.

எழுத வராது என்பதும் இதோடு சேர்ந்த பயம். தமிழில் 2003, 2004 வாக்கில் வலைப்பதிவுகள் முளைத்து, ‘தமிழ்மணம்’ போன்ற திரட்டிகள் அவற்றை ஒரே இடத்தில் காட்டிய காலத்தில் எழுதியவர்கள் பலரும் கதை, கவிதை, சினிமா, அரசியல் என்று எழுதியவர்கள். சண்டையும் கச்சேரியுமாக நல்ல காலம் அது. அதில் இருந்து வந்த வினை, பிளாக் என்றாலே எழுத்தாளன் வேலை என்று வியாபாரிகள் மனதில் பதிந்துவிட்டது. கிரைண்டர் கடைக்காரருக்கு நடை வேண்டாம். அந்த அம்மாவுக்குச் சொன்னதை போனில் ஆடியோவாகப் பதிந்து, கடையில் டைப் அடிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்தால் முக்கால் வேலை முடிந்தது. மீதிக் கால் வேலை, தப்பில்லாமல் பார்த்துக்கொள்வது.

வர்ஜீனியாவில் ஒரு நீச்சல் குளக் கம்பெனி

வியாபாரத்துக்கு பிளாக் எழுதச் சொல்லித்தருபவர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டும் கதை ஒன்று உண்டு. திரும்பத் திரும்பச் சொல்லித் தேய்ந்த கதைதான். ஆனால் அதன் நடுப்பகுதியை யாரும் நம்மூர்க்காரர்களுக்குச் சரியாகச் சொல்வதில்லை.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ரிவர் பூல்ஸ் அண்ட் ஸ்பாஸ் என்று ஒரு கம்பெனி. மார்கஸ் ஷெரிடன் என்பவரும் இரண்டு கூட்டாளிகளும் 2001இல் தொடங்கியது. வீட்டுத் தோட்டத்தில் ஃபைபர்கிளாஸ் நீச்சல் குளம் பதித்துக் கொடுப்பது வேலை. 2008இல் அங்கே பொருளாதாரம் சரிந்தபோது முதலில் அடிபட்டவை இந்த மாதிரி ஆடம்பரச் செலவுகள். அட்வான்ஸ் கொடுத்தவர்களே வந்து திருப்பிக் கேட்டார்கள். வங்கிக் கணக்கில் இருப்புக்கு மேல் எடுத்துச் சம்பளம் போடும் நிலை. ரேடியோ, டிவி என்று விளம்பரத்துக்கு ஆண்டுக்குச் சுமார் இரண்டரை லட்சம் டாலர் செலவழித்துக்கொண்டிருந்தவர்கள், அதை இனித் தொடர முடியாது என்ற இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

ஷெரிடன் செய்தது இவ்வளவுதான். வாடிக்கையாளர்கள் இதுவரை தன்னிடம் கேட்ட கேள்விகளை நினைவில் இருந்து எழுதினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுரை, இரவில் வீட்டில் உட்கார்ந்து. முதல் கேள்வி எது என்று சொல்லத் தேவையில்லை: குளம் போட எவ்வளவு ஆகும்?

அந்தத் தொழிலில் யாரும் அதுவரை விலையை எழுத்தில் சொன்னதில்லை. அளவைப் பொறுத்தது, மண்ணைப் பொறுத்தது, நேரில் வந்து பார்த்தால்தான் சொல்ல முடியும் என்பதே வழக்கமான பதில். ஷெரிடனும் ஒரே விலையைப் போட்டுவிடவில்லை. எவையெவை விலையை ஏற்றும், எவை இறக்கும், சாதாரணமாக எதிலிருந்து எது வரை வரும் என்று விளக்கினார். வேறு யாருமே பதில் சொல்லாத கேள்வி என்பதால், அந்தக் கேள்வியோடு தேடியவர்கள் எல்லோரும் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். அந்த ஒரு கட்டுரையைப் படித்து வந்தவர்களால் 20 லட்சம் டாலருக்கு மேல் விற்றது என்பது அவர் சொல்லும் கணக்கு. விளம்பரச் செலவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது, விற்பனை குறையவில்லை.

நான் சொன்ன நடுப்பகுதி இனிமேல்தான் வருகிறது. அவர் ஃபைபர்கிளாஸ் குளத்தில் உள்ள கோளாறுகளைப் பற்றியும் எழுதினார். தான் விற்கும் பொருளின் கோளாறுகளை! கான்கிரீட் குளம் யாருக்குப் பொருந்தும் என்று எழுதினார். ரிச்மண்ட் நகரில் நல்ல குளம் கட்டுபவர்கள் யார் என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் போட்டிக் கம்பெனிகளின் பெயர்கள் இருந்தன, தன் கம்பெனி பெயர் இல்லை. பட்டியலைத் தேடி வந்தவர் படிப்பதோ அவருடைய தளத்தில். இவ்வளவு நேர்மையாகப் பேசுகிறவனிடமே ஒரு விலை கேட்டுப் பார்ப்போமே என்று தோன்றாதா? தளத்தில் முப்பது பக்கங்களுக்கு மேல் படித்துவிட்டு வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் குளம் வாங்கினார்கள் என்று அவர் பிற்பாடு சொன்னார். 2017இல் இதையெல்லாம் ஒரு புத்தகமாகவே போட்டுவிட்டார்.

நம்மூரில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் ‘பிளாக் எழுதினான், கோடீஸ்வரன் ஆனான்’ என்று முடித்துவிடுகிறார்கள். அவன் விலையைச் சொன்னான், குறையைச் சொன்னான், போட்டியாளன் பெயரைச் சொன்னான் என்ற மூன்றும் காணாமல் போய்விடுகின்றன. நம் வியாபாரிகளுக்குக் கசப்பதும் சரியாக அந்த மூன்றுதான்.

“விலையைப் போட்டா எதிர்க்கடைக்காரன் ரெண்டு ரூபா கம்மியா விப்பானே!” என்கிறார்கள். எதிர்க்கடைக்காரருக்கு உங்கள் விலை ஏற்கெனவே தெரியும். தெரிய வேண்டுமென்றால் மச்சானை அனுப்பி விசாரித்துவிடுவார். தெரியாமல் இருப்பது வாடிக்கையாளருக்கு மட்டும்தான்.

தொழில் ரகசியம் போய்விடும் என்ற அச்சமும் இப்படித்தான். காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலை ஒன்று எட்டாயிரம், பக்கத்தில் அடுக்கியிருக்கும் இன்னொன்று நாற்பதாயிரம். பார்க்க இரண்டும் ஒன்றுபோல. ஏன் என்று கேட்காத பெண் இல்லை. அசல் சரிகை என்றால் பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. மலிவுச் சேலையில் இருப்பது பெரும்பாலும் செம்பு இழையோ பாலியெஸ்டர் சரிகையோ. மூன்று ஷட்டில் கொண்டு கரையையும் உடலையும் தனி நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைக்கு இரண்டு பேர் வேலை. பட்டு இழையைக் கொளுத்தினால் முடி கருகும் வாசனை வரும். மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004 முதல் சில்க் மார்க் முத்திரை இருக்கிறது. இவற்றில் எது ரகசியம்? இதையெல்லாம் படித்துவிட்டு எவரும் தறி வாங்கி நெய்ய உட்கார்ந்துவிடப் போவதில்லை. நாற்பதாயிரம் ஏன் என்று புரிந்துகொண்டு, அதைப் புரியவைத்த கடைக்கே வருவார். எட்டாயிரத்துச் சேலையை அசல் என்று சொல்லி விற்கும் கடைக்கு மட்டும்தான் இந்தக் கட்டுரையால் நஷ்டம்.

தொழில் ரகசியத்தை எழுதிக் காட்டியவரும் உண்டு. உயர்தரத் தையலுக்குப் பேர்போன லண்டன் சாவில் ரோவில் பயிற்சி பெற்ற தாமஸ் மஹோன் என்ற தையற்காரர் 2005 ஜனவரியில் ‘இங்கிலீஷ் கட்’ என்று ஒரு வலைப்பதிவு தொடங்கினார். ஹியூ மெக்லியோட் என்ற கார்ட்டூனிஸ்ட் நண்பர் கொடுத்த யோசனை. வாயைத் திறக்காமல் இருப்பதையே கௌரவமாக நினைத்த தெரு அது. மஹோன் அங்கே கோட்டு எப்படி வெட்டுகிறார்கள், எதற்கு இவ்வளவு விலை, அதே தெருவில் வேறு யார் நன்றாகத் தைப்பார்கள் என்றெல்லாம் எழுதினார். அட்லாண்டிக்குக்கு அப்பால் இருந்து ஆர்டர் வந்தது. எங்கள் தொழில் ரொம்பப் பழைய தொழில், இணையமெல்லாம் சரிப்படாது என்பவர்களுக்கு இந்த ஒரு ஆள் போதும்.

ரீல்ஸ் போடுகிறோமே?

ஃபேஸ்புக் பக்கம் இருக்கிறது, இன்ஸ்டாவில் ரீல்ஸ் போடுகிறோம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கிறோம், பிறகு தனியாக எழுத்து எதற்கு என்ற கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. புது டிசைன் வந்தது என்று காட்ட ரீல்ஸைப் போல் வேறு எதுவும் இல்லை. ஆனால் போன மாசியில் போட்ட ரீலை இந்த மாசியில் யார் தேடிப் பார்க்கிறார்கள்? இன்னொன்று, 2020 ஜூன் 29 இரவு டிக்டாக் உட்பட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. மறுநாள் காலையில் அதை நம்பிச் சேலையும் மசாலாப் பொடியும் விற்றுக்கொண்டிருந்தவர்களிடம் பின்தொடர்ந்தவர்களின் பட்டியல்கூட மிஞ்சவில்லை. கூகுள் பிளஸ் 2019இல் மூடப்பட்டது. ஆர்குட் அதற்கும் ஐந்தாண்டு முன்பே போய்விட்டது. சொந்த முகவரியில் எழுதி வைத்தது மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது. அந்த முகவரிக்கு ஆண்டுக்கு ஆகும் செலவு, ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் பேனருக்கு ஆவதைவிடக் குறைவு.

ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்பதையும் மறு பரிசீலனை செய்யலாம். கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழில் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்தது. அதன் பிறகு டைப் அடிக்கத் தெரியாதவரும் போனைப் பார்த்து வாயால் கேட்கிறார். சொட்டு நீர்ப் பாசனக் குழாயில் உப்பு அடைத்தால் என்ன செய்வது என்று ஒரு விவசாயி தமிழில் கேட்டால் எத்தனை நல்ல பக்கங்கள் கிடைக்கின்றன, நீங்களே தேடிப் பாருங்கள். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு உலகமே அடித்துக்கொள்கிறது. தமிழில் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. டெக்சாஸ் வாடிக்கையாளர் வேண்டும் என்றால் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். கோபிசெட்டிபாளையத்து வாடிக்கையாளருக்குக் கோபிசெட்டிபாளையம் பேசும் பாஷையில்.

இப்போது புதிதாக ஒரு நம்பிக்கை சேர்ந்திருக்கிறது. சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வந்தது முதல், “நூறு கட்டுரை வேணுமா, ஒரு மணி நேரத்துல தர்றேன்” என்று பேக்கேஜ்காரர்களின் குரல் உயர்ந்துவிட்டது. தேடலை ஏமாற்ற மொத்தமாக உற்பத்தி செய்து குவிக்கும் பக்கங்களை, அவற்றை எழுதியது ஆளானாலும் இயந்திரமானாலும், குப்பையாகவே கருதுவோம் என்று கூகுள் 2024 மார்ச்சில் விதியை இறுக்கியது. அதற்கும் முன்பே, 2022 டிசம்பரில், ஒரு பக்கத்தின் தரத்தை எடைபோடும் அளவுகோல்களில் ‘நேரடி அனுபவம்’ என்பதையும் சேர்த்திருந்தது. இயந்திரம் எழுத்துப்பிழை திருத்தட்டும், வரிசைப்படுத்தட்டும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் போன வாரம் ஒரு அம்மா டெக்சாஸ் பற்றிக் கேட்டது அதற்குத் தெரியாது. கடைக்காரரிடம் மட்டும் இருக்கும் சரக்கு அதுதான்.

நம் தளம், நம் இஷ்டம் என்ற நினைப்பு ஆபத்தானது. லேகியமும் சூரணமும் விற்பவர்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். சர்க்கரை நோய் அடியோடு போகும், புற்றுநோய் கரையும் என்று எழுதுவது 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர வைத்தியங்கள் ஆட்சேபகர விளம்பரச் சட்டப்படி குற்றம். பிளாக்கில் எழுதுவது விளம்பரம் ஆகுமா என்று சந்தேகப்படுபவர்கள் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விளம்பரத்துக்குத் தரும் விளக்கத்தைப் படிக்கலாம். ஒளி, ஒலி, புகை, வாயு என்று தொடங்கி இணையம், வெப்சைட், பில் வரை ஒன்றையும் விடவில்லை. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதில் இருக்கிறது. ‘நூறு சதவீதம் கெமிக்கல் இல்லை’ என்று நலங்கு மாவுக்கு எழுதும் முன்பும் கொஞ்சம் நிதானிப்பது நல்லது.

எல்லோருக்கும் இது தேவையா என்றால், இல்லை. முக்குக் கடை டீக்கு யாரும் கட்டுரை படித்துவிட்டு வருவதில்லை. மளிகைக் கடை, சலூன், ஜெராக்ஸ் கடை ஆகியவற்றுக்குக் கூகுள் மேப்பில் சரியான இடம், சரியான போன் நம்பர், ஞாயிறு திறப்பா மூடலா என்ற தகவல், கடை வாசலின் தெளிவான போட்டோ ஆகியவை போதும். அதற்குக் காசும் இல்லை. அந்த நம்பரே தப்பாக இருக்கும்போது மாதம் பதினைந்து கட்டுரைக்குப் பணம் கட்டுகிறவர்களை என்ன சொல்ல! வாங்கும் முன் யோசிக்க வைக்கும் பொருட்களுக்குத்தான் எழுத்து வேலை செய்யும். போர்வெல், சோலார், மாடுலர் கிச்சன், மாட்டுத் தீவனம், பல் கட்டுதல், வீட்டுக்கு வாட்டர் ப்ரூஃபிங், கல்யாணப் பட்டு, கேட்டரிங். விலை அதிகம், தவறினால் திரும்ப முடியாது, விவரம் தெரிந்தவர் பக்கத்தில் இல்லை என்ற மூன்றும் எங்கே சேர்கிறதோ அங்கே.

அப்படிப்பட்ட தொழிலில் இருப்பவர் ஆண்டுக்குப் பன்னிரண்டு கட்டுரை எழுதினாலே ஏராளம். பலனை லைக் எண்ணிப் பார்க்காமல், வருகிறவர்களிடம் “எங்களை எப்படித் தெரியும்?” என்று கேட்டு, பில் புத்தகத்தின் ஓரத்தில் குறித்து வரலாம். காலக் கணக்கையும் மறக்கக் கூடாது. நான்கு மாதம் முதல் ஓராண்டு என்றால், தீபாவளிக்குப் பட்டு விற்க நினைப்பவர் புரட்டாசியில் பேனாவை எடுத்தால் அது அடுத்த தீபாவளிக்குத்தான் உதவும். சித்திரையில் ஆரம்பிக்க வேண்டும். முதல் தலைப்பு, எட்டாயிரத்துக்கும் நாற்பதாயிரத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதாகவே இருக்கட்டும்.